சுத்தப் பருத்தி

துணியின் ஓரத்தைப் பிரித்து ஒற்றை நூலை உருவினாள் மகள். உருவிய பிறகுதான் எல்லோரும் தன் கையையே பார்ப்பது தெரிந்தது.

விடியற்காலையில் இறந்துபோன அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் அவருடைய ஆலையின் சூப்பர்வைசர். கோடித் துணி வாங்கி வந்த சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"கடைக்காரன் சத்தியம் பண்ணான் அண்ணி. சுத்தப் பருத்தியாம்."

"அவன் சத்தியம் அவன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அம்மா. "கல்யாணப் புடவையிலயே நூல் உருவிக் கொளுத்திப் பாத்த மனுஷன். கடைசியா கேட்டதே இது ஒண்ணுதான். வாழ்நாள் பூரா உருக்குனதையே எனக்குப் போத்திடாதீங்கன்னார். நீ பாருடி."

அப்பா இரண்டு வகைப் பிளாஸ்டிக் குருணைகளை உருக்கி ஒரே இழையாக இழுப்பவர். ஒன்று உள்ளே, மற்றது அதைச் சுற்றி உறையாக. உறை சீக்கிரம் இளகிப் பக்கத்து இழைகளோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது இளகக் கூடாது. சாப்பிடும்போது அவர் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியும் எல்லாம் காதில் ஏறியிருந்தது.

"நீ எப்பம்மா கிளம்புறதா இருந்தே?" சூப்பர்வைசர் கேட்டார்.

"திங்கக்கிழமை சார். காலேஜ்ல சேரணும்."

"இனி எங்க சார் போறது," அம்மா முந்திக்கொண்டாள். "அவர் வேலையை வீட்ல ஒருத்தருக்குத் தருவீங்கல்ல? இவளுக்கு எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சா தரலாம். தெரியாதவங்கள உள்ள விட முடியாதும்மா."

சித்தப்பா தீக்குச்சியைக் கிழித்து நீட்டினார். நூல் பற்றியது. முதலில் காகிதம் எரியும் வாசனை. அதற்கடியில், அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போதெல்லாம் வந்த அந்த இனிப்பான வாடை. நுனி சாம்பலாக உதிரவில்லை. சுருண்டு, கறுத்து, சின்ன மணியாகத் திரண்டு அவள் விரலில் ஒட்டியது.

தெரியவில்லை என்று சொன்னால் போதும். அவ்வளவுதான். திங்கட்கிழமை அப்படியே இருக்கும்.

அப்பாவின் வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. உருகியது தெறித்த தழும்புகள் முழங்கை வரை.

"என்னடி, தெரியலையா?" என்றாள் அம்மா.

"கலப்பு," என்றாள். "பாதிக்கு மேல பாலியெஸ்டர். மாத்திட்டு வாங்க சித்தப்பா."

சூப்பர்வைசர் எழுந்தார். "அப்படியே அப்பா மூக்கு. எல்லாம் முடியட்டும்மா. அப்புறம் வந்து என்னைப் பாரு."

அம்மா பெருமூச்சு விட்டு அவள் தோளில் சாய்ந்தாள். முழுக் கனத்தோடும் சாய்ந்து, அன்று முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மகள் அசையவில்லை.

சித்தப்பாவின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. விரல் நுனியில் ஒட்டியிருந்த மணி ஆறிக் கெட்டியாகியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல், மறுபடி சுரண்டினாள்.