பாதிக் கேப்சூல்

சந்திரகலா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் மாத்திரைகள்.

அவள் கணவர் சண்முகசுந்தரம் சுரங்கத்தில் பெர்மனென்ட். குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கம்பெனி டிஸ்பென்சரியில் சிவப்பும் கறுப்புமான கேப்சூல்களைக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். முழுவதையும் சாப்பிடச் சொல்லித்தான் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் சந்திரகலா நிறுத்திவிடுவாள். கேப்சூல் சூடு, அதிகம் தின்றால் குடல் வெந்துபோகும் என்று கோபிச்செட்டிபாளையத்தில் அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மிச்சம் பாட்டிலுக்குப் போகும்.

கம்பெனி குடியிருப்பில் அவர்கள் பிளாக்கில் எல்லோருக்கும் அந்தப் பாட்டில் தெரியும். பக்கத்து வீட்டுக் கமலா சுவரைத் தாண்டிக் கையை நீட்டுவாள்.

"டாக்டரம்மா, தொண்டை கட்டிக்கிச்சு. ரெண்டு குடு. பீஸ் எவ்வளவுன்னு சொல்லிடு."

"பீஸா? உங்க வீட்டு முருங்கக்கீரை ஒரு கட்டு."

இந்தப் பேச்சு சந்திரகலாவுக்குப் பிடித்திருந்தது. கோபியில் அவளை யாரும் எதற்கும் கேட்டதில்லை.

பாத்திரம் தேய்க்க முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள் செங்கமலம். அவள் கணவன் ராஜாங்கமும் அதே சுரங்கத்தில்தான் மண் வெட்டினான். ஆனால் கான்ட்ராக்ட். அவனுக்கு டிஸ்பென்சரி கிடையாது. மகள் தனகோட்டிக்குக் காய்ச்சல் என்று செங்கமலம் முதல் தடவை சொன்னபோது சந்திரகலா யோசிக்கவே இல்லை. பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"சின்னப்புள்ளைக்கு முழுசாக் குடுத்துறாத. பிரிச்சு, பாதிப் பொடியத் தேன்ல குழைச்சுக் குடு. சுரம் இறங்கினதும் நிறுத்திடு. சூடு."

"உங்க கை ராசியான கைம்மா" என்றாள் செங்கமலம், மறுநாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

அது திரும்ப வந்தது. திரும்பவும் பாதிக் கேப்சூல், திரும்பவும் இறங்கியது. சந்திரகலா கோபிக்குப் போயிருந்த சமயத்தில் செங்கமலம் காலி கேப்சூல் மூடியைப் பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அதே நிறத்தில் இரண்டு கிள்ளிக் கொடுத்தார்.

"அம்மா சொன்னாப்புலதான் பாதி பாதியாக் குடுத்துகினு இருக்கறேன்" என்றாள் செங்கமலம். சந்திரகலா நல்லது என்றாள்.

பிறகு செங்கமலம் வேலைக்கு வரவில்லை. சந்திரகலா முத்தாண்டிக்குப்பம் போய்ப் பார்த்தாள். தனகோட்டி பாயோடு பாயாகக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அம்மாவைப் பார்த்து, "ஆரு நீ?" என்று கேட்டாள். இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். டைபாய்டு மாதிரி இருக்கிறது என்றார்.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?"

செங்கமலம் ஒருமுறை சந்திரகலாவைத் திரும்பிப் பார்த்தாள். கம்பெனி மருந்தை வெளியாளுக்குக் கொடுத்து மாட்டினால் மெமோ வரும் என்று சண்முகசுந்தரம் சாப்பிடும்போது பல தடவை சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் செங்கமலம் அங்கேதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணுமே குடுக்கலிங்க. கசாயம் வெச்சுக் குடுத்தேன், அவ்ளோதான்."

சந்திரகலாவுக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததே என்று பிறகு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அந்த நேரத்தில் வந்தது மூச்சுதான்.

நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த கேப்சூலும் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. சந்திரகலா பார்த்தாள். முழு அளவாகக் கொடுக்கிறார்கள், கேட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. கணவர் என்ன என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

அடுத்த தடவை போனபோது காய்ச்சல் இம்மியும் இறங்கவில்லை. தனகோட்டியின் வயிறு உப்பியிருந்தது. செங்கமலம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "எதுக்கும் கேக்க மாட்டேங்குதும்மா" என்றாள். அப்போதும் அவள் சந்திரகலாவை எதுவும் கேட்கவில்லை.

சந்திரகலா டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். மேசை முன்னால் நின்றதும் நாக்கு வேறு மாதிரி புரண்டது.

"டாக்டர், அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே இதே கேப்சூலக் குடுத்திருக்காங்க. பாதி பாதியா. காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மறுபடியும் குடுத்து. இவங்களுக்குத் தெரியலைங்க. கடையில வாங்கியிருக்காங்க."

எல்லாம் உண்மைதான். ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை நாள் வீணாப் போயிருக்காதே. அரைகுறையாக் குடுத்தா கிருமி சாகாதும்மா. தாங்கறது மட்டும் தப்பிச்சுப் பெருகிக்கும். அப்புறம் அதே மருந்து அதுக்குச் சோறு மாதிரி. நீங்களாவது சொன்னீங்களே."

மருந்து மாறியது. ஊசி போட்டார்கள். மெல்லமாகத்தான், ஆனால் காய்ச்சல் இறங்கியது. தனகோட்டி கஞ்சி குடித்தாள். ஒருநாள் தன் அம்மாவிடம், "உன் தலையில பேனு ஊருது" என்று சொல்லிச் சிரித்தாள்.

டாக்டரம்மா மட்டும் செங்கமலத்தை விடவில்லை. வார்டுக்கு வரும்போதெல்லாம் தனகோட்டியின் கட்டிலருகே நின்று, மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"நல்லாப் பாத்துக்குங்க. கடையில வாங்கித் தானே வைத்தியம் பண்ணினா இப்படித்தான். கேட்டா வாயத் தெறந்து பொய் வேற. பெத்த புள்ள மேல இப்படியா விளையாடுவ? இந்தம்மா வந்து சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும்?"

இந்தம்மா பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பெண்கள் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். செங்கமலத்தை ஒரு கிழவி, "அடிப்பாவி" என்றாள். செங்கமலம் முந்தானையால் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சந்திரகலாவால் அதற்குமேல் முடியவில்லை.

"டாக்டர், நான்தான்..." என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய், அங்கே ஒரு குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் குடுத்தேன். என் வீட்டு மருந்து. நான்தான் பாதி குடுக்கச் சொன்னேன்." இந்த முறை சத்தமாக வந்துவிட்டது. ஒன்றிரண்டு பேர் திரும்பினார்கள்.

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சந்திரகலா அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்றாள் செங்கமலம். "புள்ள இப்பத்தான் கண்ண மூடிச்சு."