ஈஸ்ட்டில் இல்லாத புரதம்

உஷாராணி ஃபோன் செய்தபோது ஜனகாவுக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை. கிள்ளானில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை கூடப் படித்தவள். அதன்பிறகு கல்யாணப் பத்திரிகை ஒன்று அனுப்பியதோடு சரி.

"நீ மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் பத்தித்தான ஆராய்ச்சி பண்ற? கூகல்ல தேடிப் பிடிச்சேன்."

அந்த வார்த்தை அவள் வாயில் தடங்கலில்லாமல் வந்ததைக் கேட்டதுமே, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஜனகாவுக்குப் புரிந்துவிட்டது.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். உஷாராணி தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து மகன் ரிஷியோடு வந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் பையன் தள்ளுவண்டியில்தான் இருந்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்பளத்தை நொறுக்கிக் கொடுத்தால் சிரித்தான்.

மருத்துவமனைப் பரிசோதனையில் அவன் மரபணு ஒன்றில் எழுத்து மாற்றம் தெரிந்திருந்தது. அது நோய்க்குக் காரணமா இல்லையா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி ரைபோசோம் உண்டு. எண்பது சொச்சம் புரதங்கள் கூடி நின்று புதுப் புரதங்களைச் செய்யும் இயந்திரம் அது. மாற்றம் இருந்தது அந்தப் புரதங்களில் ஒன்றின் மரபணுவில்.

"ரிஷியோட மாத்தத்த உன் ஈஸ்ட்டுல போட்டுப் பாரேன். ஈஸ்ட் வளரலன்னா அதான் காரணம்னு தெரிஞ்சிரும்லா?"

கேட்ட கேள்வி சரியான கேள்விதான். ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் மரபணுவை மாற்றி, வளர்கிறதா என்று பார்ப்பதைத்தான் ஜனகா பல்கலைக்கழகத்தில் பத்து வருடமாகச் செய்துவந்தாள்.

"போட முடியாதுடி. இந்தப் புரதம் ஈஸ்ட்டுல கிடையாது."

"அதெப்படி? ஈஸ்ட்டுக்கும் அந்த மெஷின் இருக்கே?"

"இருக்கு. பாக்டீரியாவுலருந்து வந்த பழைய பகுதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அதுக்கு மேல ஈஸ்ட் சில புரதத்தச் சேத்துக்கிச்சு. மிருகங்க பக்கம் வேற சிலது சேந்துச்சு. ரிஷிக்கு மாறியிருக்கிறது நம்ம பக்கம் சேந்தது."

உஷாராணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிறகு சொன்னாள்: கணவன் குரு தாய்மாமன் மகன். கல்யாணத்துக்குப் பிடிவாதம் பிடித்தது அம்மா. அந்த மாற்றம் குருவுக்கும் ஒன்று, அவளுக்கும் ஒன்று; ஒன்று மட்டும் இருந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் ரிஷியிடம் வந்து சேர்ந்துவிட்டன. "அம்மாகிட்டப் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாச்சு."

ஜனகா இளகிய மனசுக்காரி இல்லை. ஆனால் தன் துறைக்குள்ளேயே ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்பது அவளை உறுத்தியது. மருத்துவமனைக்கு எழுதினாள். அனுமதி கிடைக்கவே மாதங்கள் ஓடின. ரிஷியின் தோலிலிருந்து எடுத்த செல்களை, மனிதச் செல் வளர்த்துப் பழக்கமுள்ள புனிதா என்ற தோழி ஷா ஆலமில் பெருக்கிக் கொடுத்தாள். ஜனகா மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தாள், அதிலிருந்து ரைபோசோமைப் பிரித்தாள், அதில் என்னென்ன புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் அளந்தாள்.

எல்லாமே இருந்தன. ஆரோக்கியமான பிள்ளைகளின் செல்லில் இருந்த அதே அளவில். சந்தேகத்துக்குரிய அந்தப் புரதமும் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அந்த ரைபோசோம் வேலை செய்கிறதா என்றும் பார்த்தாள். செய்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்தாள். அதே முடிவுதான்.

அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். நல்லதொரு ஆய்வுக் கட்டுரை கைநழுவிய மாதிரி. அப்படித் தோன்றியது அவளுக்கே பிடிக்கவில்லை.

உஷாராணியை ஆய்வுக்கூடத்துக்கே வரச் சொன்னாள். இந்த முறை தனியாக வந்தாள். அந்த மாற்றம் நோய்க்குக் காரணமில்லை என்று ஜனகா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அப்ப எதுனால?"

"தெரியல. டாக்டர் மத்த ஜீனையெல்லாம் திரும்பப் பாக்கச் சொல்லியிருக்காரு."

"அப்ப எங்க கல்யாணம் காரணமில்ல."

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஜனகாவால் முடியவில்லை. "அப்படிச் சொல்ல முடியாது உஷா. சொந்தத்துல கட்டினதால வேற ஏதாச்சும் ஜீன் சேந்திருக்கலாம். சேராமலும் இருக்கலாம். இந்தப் புரதம் இல்லைங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

உஷாராணி மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது போதும்," என்றாள். "இந்த மாத்தத்தக் கையில வச்சிக்கிட்டுத்தான அம்மாவ அவ்வளவு பேசினேன்."

தண்ணீர் கொடுத்தாள் ஜனகா. உஷாராணி அதைக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பின்னணியில் மோட்டார் சைக்கிள் சத்தம், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "கிள்ளானுக்கு வந்திருக்கேன். அம்மா கதவத் தொறந்தாங்க. பிள்ளைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. என்கிட்ட இன்னும் ஒரு வார்த்த பேசல. பரவால்ல, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

ஜனகா அதை ஒருமுறை கேட்டாள். 'சரி, இரு' என்று பதில் தட்டிவிட்டு, ரிஷியின் மிச்சச் செல்களை உறைபெட்டியில் வைக்கப் போனாள்.