கோஸ் மரத்து விருந்து

எர்மெலிந்தா வீட்டு வாசல் கோஸ் மரம் பூத்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். முட்டைக்கோஸ் மாதிரி அகல இலைகள், நடுவே கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஆரஞ்சு நிறப் பூக்கள். ஆடுகளை அவிழ்த்துவிட்ட புண்ணியவான்களால் மலையில் இந்த மரம் அநேகமாக ஒழிந்தே போயிற்று. ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்து வளர்த்ததுதான் மிச்சம். அதில் தேன் குடிக்க மலையிலிருந்து இறங்கி வரும் ரீங்காரச்சிட்டுக்கும் இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறு போக்கிடம் இல்லை.

கன்றைக் கொடுத்தவன் வனக்காவலன் உலீசெஸ். "மலையில பூ இல்லாத மாசத்துல இதுங்க பட்டினி கெடக்குதுக்கா. ஒண்ணு வைங்க, புண்ணியமாப் போகும்" என்றான். வைத்தாள். மரம் கூரை உயரத்துக்கு வளர்ந்து, சிட்டுகளும் வந்தன. நீலத் தலையும் வெள்ளை மார்புமாக இருக்கும் பெட்டைகளை எர்மெலிந்தா 'என் பெண்கள்' என்பாள். துருப்பிடித்த நிறத்து ஆண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கூடு கட்டுவதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் பெட்டை ஒருத்திதான். ஆண் துரை அவர் பாட்டுக்குப் பூவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். "வெட்டிப்பய மாப்பிள்ளைங்க" என்று ஜன்னலில் நின்று திட்டுவாள்.

அந்த வீட்டில் அவளைத் தவிர இருந்த ஒரே உயிர் ஒற்றைக் கண் பூனை, பிராத்தா. கடற்கொள்ளைக்காரன் என்று அர்த்தம் வரும் அந்தப் பேரை வைத்தவர் அவள் புருஷன் ரெமீஹியோ. கடல் ஊருக்குள் வந்த அந்த இரவில், அவளை மேட்டில் ஏற்றிவிட்டு, "பூனைய எடுத்துட்டு வந்துர்றேன்" என்று இறங்கிப் போனார். கீழே இருந்த பழைய வீடும் போயிற்று, அவரும் போனார். பூனை மட்டும் சில நாள் கழித்து மலைப்பக்கமிருந்து நடந்து வந்தது. அதை வெறுப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் எர்மெலிந்தா கட்டிக்கொண்டாள்.

இந்த வருஷம் மரம் பூத்த சமயம், உலீசெஸ் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு பெட்டை தாழ்ந்த கொத்தில் தொற்றிக்கொண்டு தேன் உறிஞ்சியது. இலைக்கு அடியிலிருந்து பிராத்தா எழும்பியது. அவ்வளவுதான். வாயில் கவ்விக்கொண்டு நேராக எர்மெலிந்தாவிடம் வந்து, அவள் காலடியில் வைத்துவிட்டு, மெச்சச் சொல்லி நிமிர்ந்து பார்த்தது.

உலீசெஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "இந்தத் தாயோட கூடு எனக்குத் தெரியும்க்கா. ஓடைக்கு மேல, லூமா மரத்துல. குஞ்சு இருக்கு."

இருவரும் ஏறினார்கள். உள்ளங்கையில் அடங்கும் கூட்டில் இரண்டு குஞ்சுகள். காற்றில் கிளை ஆடியதும் தாய் வந்துவிட்டாள் என்று நினைத்து வாயைத் திறந்தன.

"எடுத்துட்டுப் போயி வளக்கலாமேப்பா."

"பாத்துட்டேன்க்கா, முன்னாடியே ரெண்டு தடவ. தங்கல." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உங்க மேல தப்பு இல்ல. மரத்தக் குடுத்தவன் நான்."

எர்மெலிந்தா கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷமா விருந்துன்னு கூப்பிட்டு, கொலகாரன பந்தியில உக்கார வெச்சிருக்கேன்."

பூக்களை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வெட்டினால் பட்டினி என்றான் அவன். பூனைக்குக் கழுத்தில் மணி கட்டினாள். அது மணி ஒலிக்காமல் பதுங்கப் பழகிக்கொண்டது. ஜன்னலுக்கு வலை அடித்து உள்ளேயே வைத்தாள். வீடு முழுக்க ஒப்பாரி. ஒருநாள் வலையைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, இலைக்கு அடியில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தது. எர்மெலிந்தா வெறுங்காலோடு ஓடி, பின்னங்கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தாள். அன்றைக்கே, பூனையை வைத்துக்கொள்ளச் சொல்லி, கடலுக்கு அப்பால் வால்பராய்சோ நகரத்தில் இருக்கும் தன் தங்கைக்குத் தகவல் அனுப்பினாள்.

கப்பல் வந்த அன்று, ரெமீஹியோவின் தங்கை நொல்ஃபா துறைமுகத்தில் வழிமறித்தாள். எர்மெலிந்தா கையில் இறால் ஏற்றுகிற மரப்பெட்டி. உள்ளே, அவளுடைய கம்பளிச் சால்வையின் மேல் பிராத்தா.

"அண்ணி, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? எங்கண்ணன் உசிரக் குடுத்துத் தேடுன பூனை அது!"

"தெரியும்டி."

"ஒரு குருவிக்காகவா? அண்ணன் இருந்திருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

"உங்கண்ணன் இருந்திருந்தா நான் ஏன்டி பூனையக் கட்டிக்கிட்டு அழுறேன்?" எர்மெலிந்தாவின் குரல் உடைந்தது. "பூனைக்குப் போற எடத்துல சோறு இருக்கு, கூரை இருக்கு. அதுக்கு வேற ஊரு கெடைக்கும். அந்தச் சிட்டுக்கு எந்த ஊருடி இருக்கு?"

நொல்ஃபா குனிந்தாள். பெட்டியின் சட்டங்களுக்கு நடுவே விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவினாள். பிறகு அவளே ஒரு பக்கம் பிடித்துப் படகில் ஏற்றினாள். படகு கப்பலை நெருங்கும்வரை பிராத்தா கத்தியது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் எர்மெலிந்தா ஜன்னல் வலையைப் பிய்த்து எறிந்தாள். இனி அதற்கு வேலை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, மடியில் ஏற ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்து, அழுகை பொங்கியது. ரெமீஹியோவை இன்றைக்குத்தான் கடலுக்குக் கொடுத்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெட்டைச் சிட்டு வந்தது. கைக்கெட்டும் கொத்தில் தொற்றிக்கொண்டு, எதுவும் நடக்காதது போலத் தேனை உறிஞ்சியது. எர்மெலிந்தாவுக்கு அதைப் பிடிக்கவில்லை. இதற்காகவா என்று நெஞ்சு கொதித்தது. எழுந்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், பறந்துவிடும்.

அவள் எழவில்லை. அழுகைச் சத்தத்துக்கு அது பயந்துவிடப் போகிறதே என்று, இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.