நாலாவது சரணம்

பாட்டு எழுதுகிறவனுக்கு இலக்கியப் பரிசு கொடுக்கலாமா என்று அந்த வருஷம் கோவில்பட்டி இலக்கிய மன்றத்தில் பெரிய சண்டை. கொடுக்கலாம் என்று மல்லுக்கு நின்றவர் தலைவர் கோபாலசாமி. ஆனால் பரிசுக்கு வந்திருந்த கழுகுமலை இஸ்ரவேலின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியதும் அவர் முகமே சுருங்கிவிட்டது.

"இது தீப்பெட்டி ஆபீஸ்ல பொம்பளைக காலங்காலமாப் பாடுத தாலாட்டுல்லா? ஊர்ப் பாட்டுக்கு நீரு பேரு போட்டா எப்படி?"

காலங்காலமாம்! பாட்டுக்கு வயசே ஆறு வருஷம். மகள் கிருபா காய்ச்சலில் இறந்த மாசம் இஸ்ரவேல் எழுதியது.

"நாலாவது சரணத்துல எம் மக பேரு இருக்கு சார். மேடையில அதை ஒருக்க வாசிச்சாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் இஸ்ரவேல்.

விசாரிக்க, கழுகுமலையிலிருந்து மரக்கட்டையில் தீக்குச்சி அடுக்கும் பெண்களை வரவழைத்தார்கள். அவர்களில் இஸ்ரவேலின் மனைவி ஸ்டெல்லாமேரியும் ஒருத்தி. வேலையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். மற்றவர்கள் மூன்று சரணம் பாடி நிறுத்தினார்கள்.

"அதுக்குள்ள கட்டையில குச்சி நிறைஞ்சிரும் சார். அடுத்த கட்டைக்குத் திரும்ப மொதல்லருந்துதான். நாலாவது நாங்க கேட்டதே இல்ல."

"நீ பாடும்மா" என்றார் கோபாலசாமி, ஸ்டெல்லாமேரியிடம்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, தெரியாது என்று தலையை ஆட்டினாள். பரிசுப் பேச்சு அத்தோடு முடிந்தது. திருடன் என்று யாரும் இஸ்ரவேலைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

திரும்பும்போது பஸ்ஸில் அவளே பேசினாள்.

"புதைச்ச நாள்லருந்து அந்தப் பேரு எம் வாயில வரமாட்டேங்குது. நாலாவதுக்குப் போயிரக் கூடாதுன்னுதான் கை பறக்க அடுக்குதேன். கட்டை நிறைஞ்சதும் மொதல் அடிய எடுத்திருவேன். நான் நிறுத்துன எடத்துலயே எல்லாரும் நிறுத்திப் படிச்சிட்டாவ."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"நாளைக்கு மெதுவா அடுக்குதேங்க" என்றாள்.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலோரம் சைக்கிளைப் பிடித்தபடி இஸ்ரவேல் நின்றார். உள்ளே மூன்றாவது சரணம் முடிந்தது. ஸ்டெல்லாமேரியின் கட்டையில் பாதி இன்னும் காலி. பெண்கள் கை ஓயாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இன்னும் நாலு குச்சி அடுக்கினாள். பிறகு மறுபடியும் பாட்டின் முதல் அடியையே எடுத்தாள்.