ஏழாம் குடிலின் வெள்ளைச் சட்டை

எங்கள் தீவின் விளம்பரத்தில் 'மனிதக் காலடி படாத மணல்' என்று போட்டிருக்கும். பொழுது விடிவதற்குள் எட்டுப் பேர் பல் வைத்த நீளக் கோல்களோடு இறங்கி, முந்தின நாள் காலடிகளை இழுத்து அழிப்பதால்தான் அது காலடி படாத மணல். தென்னை மரங்கள் படகில் வந்தவை. விருந்தாளி மண்டையில் விழுந்துவிடக் கூடாதென்று காய்களைப் பிஞ்சிலேயே வெட்டிவிடுவார்கள். அடர்ந்த செடி மறைப்புக்குப் பின்னால், ஜெனரேட்டருக்கும் குப்பைக் கிடங்குக்கும் நடுவில் சலவைக்கூடம். நான் அதன் மேற்பார்வையாளர். இயற்கையின் மடியில் இளைப்பாற வந்தவர்களின் படுக்கை விரிப்புகளை ஆறு வருடமாகப் பார்க்கிறேன். அவர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் வரவில்லை.

அத்தானுக்கு டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் ஏதோ தீவுக்கு இன்பச் சுற்றுலா கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். எந்தத் தீவு என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளிடம் எதையும் விவரமாகச் சொல்லும் பழக்கம் அத்தானுக்குக் கிடையாது. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை வரவேற்பு மேலாளர் ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். காலரில் மஞ்சள் கறை.

"தண்ணி மேல இருக்கிற ஏழாம் குடில். மனுஷன் குதிக்கிறார். நீங்களே வந்து மன்னிப்புக் கேட்டுடுங்க."

போனேன். குடிலின் மரத்தளத்தில் அரை டிராயரோடு சாய்ந்திருந்தவர் என் அத்தான். பக்கத்தில் அவரைப் போலவே தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக இன்னொரு டைல்ஸ் வியாபாரி. ஓரத்தில் அக்கா, மடியில் ஒரு துண்டோடு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஏய்..." என்று எழுந்தாள்.

"நீ உட்காரு," என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்ட மனிதர். "நீங்கதான் துவைச்சதா? என்ன துவைக்கிறீங்க நீங்க?"

அவர் கண்ணைப் பார்த்தேன். காட்டிக்கொடுத்துவிடாதே என்று அது கெஞ்சிக்கொண்டிருந்தது. ஏன் என்பது மற்ற வியாபாரி வாயைத் திறந்ததும் விளங்கிவிட்டது.

"உங்க கொழுந்தியா பெரிய ஹோட்டலுக்கே மேனேஜர்னு சொன்னீங்களே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை போட்டா இந்தம்மாவுக்கு வேலையே போயிடும்."

அத்தான் இளித்தார்.

"தாராளமா சொல்லுங்க சார்," என்றேன். "இங்கிருந்தே சொன்னாலும் அவங்களுக்குக் கேட்கும்."

அக்கா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அந்த வியாபாரி நினைத்திருக்கலாம்.

"கறை சோப்பால வந்ததில்ல சார். வெயிலுக்குக் கழுத்துல பூசுறீங்களே ஒரு கிரீம், அதோடது. இருந்தாலும் மன்னிச்சுக்குங்க."

மேலாளர் என்னை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார்.

மதியம் மூன்று மணிக்கு டால்பின் காட்டும் படகு புறப்பட்டது. சற்று நேரத்தில் 'ஊழியர்கள் மட்டும்' கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

"தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவர் பண்ணதைத் தப்பா எடுத்துக்காதடி."

"தப்பா எடுத்துக்கிற அளவுக்கு அவர் என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள். "ரெண்டு நாளா தண்ணியையே பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு டம்ளரைக் கழுவ விடமாட்டேங்குறாங்க. இவர் படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள சாப்பாடு ஆறி அவலாப் போகுது."

பேசிக்கொண்டே ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தாள். இருவருமாக மடிக்கத் தொடங்கினோம். நாற்பதுக்கு மேல் மடித்திருப்போம், வாசலில் அத்தான். படகு திரும்பிவிட்டிருந்தது. கூட யாரும் இல்லாததால் குரலில் தேன் வழிந்தது.

"என்ன கொழுந்தியா, கோவமா? நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது, நீயே சொல்லு. நமக்குன்னு ஒரு கௌரவம் இருக்கில்ல?"

"வெளியாளுங்களுக்கு உள்ள அனுமதி இல்ல சார்."

"சாரா? நான் உன் அத்தான்மா."

"அப்படியா? அந்தச் சேதி காலைல குடில்ல சட்டைக்குக் குதிச்சவருக்குத் தெரியுமா?"

அவர் அக்காவிடம் திரும்பினார். "நீ கிளம்பு. எல்லாரும் ஜோடி ஜோடியா போட்டோவுக்கு நிக்கிறாங்க."

அக்கா விரிப்பின் முனையை விடவில்லை. "நீங்க போய் நில்லுங்க. எனக்கு வேலை இருக்கு."

இருபது வருடத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இஸ்திரி இயந்திரத்தின் ஆவி பட்டு, அவர் கழுத்துக் கிரீம் வெள்ளைக் கோடாக வழிந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

பொழுது சாய்ந்ததும் அக்காவை ஊழியர் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். விருந்தாளிகளை அங்கே கொண்டுவரக் கூடாது. சமையல்காரர் அவள் மணிக்கட்டில் விருந்தாளிகளுக்குக் கட்டும் நீலப் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு தட்டை எடுத்தார். அக்கா இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றாள், வாய் நிறையச் சோற்றோடு.

"பதினோரு மணிக்கு வா. அப்பதான் ஈரத்துண்டெல்லாம் வந்து சேரும்."