வெங்காயக் கலர் மாத்திரை

வெள்ளைச் சட்டைக் காலரில் ரத்தம் சொட்டியதும் என் வீட்டுக்காரர் முதலில் பார்த்தது விரலை அல்ல, காலரை. தையல்காரருக்கு ஊசி குத்துவது புதிதில்லை. குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த பட்டனுக்குப் போய்விடுவார். அன்றைக்கு மூன்று துண்டுத் துணி நனைந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை.

"கறை போயிடுமா?" என்று கேட்டார்.

"ரத்தம் நிக்குமான்னு மொதல்ல கேளுங்க," என்றேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க அன்றிலிருந்து தினமும் ஒரு ரோஸ் மாத்திரை. அது ரத்தத்தை இளக வைக்கும். அதிகம் இளகினால் வழியும், இளகாவிட்டால் கட்டும். அதனால் மாதம் ஒரு தடவை அளவு பார்ப்பார்கள். மூன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் தைக்கிற சட்டை மாதிரி இத்தனை நாளும் அளவு பிசகாமல்தான் இருந்தது. அன்றைக்கு ஆறு.

டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், பொறுமை அதைவிடக் குறைவு. எங்களோடு அண்ணியும் வந்திருந்தார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கைபேசிதான் அண்ணிக்கு மருத்துவக் கல்லூரி. கூப்பிடாமலே வண்டியில் ஏறிக்கொண்டார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

"மூலிகை, பொடி, லேகியம்?"

"சே சே."

இப்படி அடித்துச் சொல்கிற மனிதரைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. டாக்டருக்கு வந்தது. "காரணம் தெரியாம மாத்திரையக் குறைச்சா வால்வுல ரத்தம் கட்டும். குறைக்காம விட்டா மூளைக்குள்ள கசியும். அப்புறம் சட்டைக் கறையப் பத்திக் கவலைப்பட நீங்க இருக்க மாட்டீங்க." அண்ணியோ சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மாத்திரை டப்பாவை வாங்கினார். அது பட்டன் டப்பாதான். எங்கள் கடையில் எந்தப் பொருளும் நிறமும் அளவும் பார்த்துத்தான் டப்பாவுக்குள் போகும். காகிதத்தில் கொட்டினார். எல்லாம் ரோஸ், எல்லாம் சட்டைப் பட்டன் அளவு. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பாதியைத் தனியாக ஒதுக்கினார். "இதுல மட்டும் நம்பர் அச்சு இல்லையே. இது என்ன?"

"அது... அக்கா குடுத்தது."

"மருந்து எதுவும் இல்லன்னு சொன்னீங்க?"

"மருந்து இல்லைங்களே. அக்கா குடுத்தது."

அண்ணி படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "மூலிகைதான் டாக்டர். ரத்தம் நல்லா ஓடும்னு போட்டிருந்துச்சு. லட்சம் பேரு பாத்திருக்காங்க."

"ஓடுது பாருங்க," என்று என் வீட்டுக்காரரின் விரலில் சுற்றியிருந்த துணியைக் காட்டினார் டாக்டர். "அதுவும் இளக்கும், இதுவும் இளக்கும். ரெண்டையும் ஏன் ஒரே டப்பாவுல போட்டீங்க?"

"தனியா வச்சா இவ கண்டுபிடிச்சிடுவா." என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "எனக்கு மாறவே மாறாது டாக்டர். முப்பது வருஷமா கலர் பாக்குறேன். இது ரோஸ். அது வெங்காயக் கலர்."

டாக்டர் பார்த்தார், நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"எப்ப சாப்பிடுவீங்க?"

"சாயங்காலம், கடையில லைட்டு போட்டதுக்கு..." அதோடு நின்றுவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் கலர் பார்க்கக் கூடாது, பகலில் வாங்க என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். "லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்," என்றார் மெதுவாக. அப்படியென்றால் சில நாள் டாக்டர் மாத்திரையே இரண்டு, சில நாள் அக்கா மாத்திரையே இரண்டு.

இருபத்தெட்டு வருடமாக இப்படி ஒரு நாளுக்குத்தான் நான் காத்திருந்தேன். என் குழம்பிலிருந்து என் பிள்ளை வளர்ப்பு வரைக்கும் குற்றம் கண்டுபிடித்தவர் அண்ணி. "ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அவரு உசுரு உங்களுக்கு விளையாட்டா?" என்றேன். அவர் தலை குனிந்தது. பொய் சொல்வானேன், இனித்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "வேற யாராவது எதையாவது குடுக்குறீங்களா? இதுதான் காரணம்னு வச்சு அளவு எழுதப் போறேன். இப்பவே சொல்லிடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகத் தினமும் காலையில் பூண்டையும் இஞ்சியையும் இடித்துப் பிழிந்து, தேன் ஊற்றி அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒரு பெண்மணி, இதயத்துக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். என் அடுப்படியிலிருந்து வருவது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேசாமல் வீட்டுக்குப் போய் நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் எழுதும் அளவு தப்பாகிவிடும்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்க மாட்டார். அக்காவையும் பெண்டாட்டியையும் விட்டுக்கொடுக்காமல் இந்த மனிதர் செத்தே போவார்.

"டாக்டர்," என்றேன். "இஞ்சியும் பூண்டும். நான்தான். தினம் ஒரு டம்ளர்."

"டம்ளரா?" பேனா நின்றது.

"பெரிய டம்ளருங்க," என்றார் அவர். வந்ததிலிருந்து யாரும் கேட்காமலே அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அண்ணி வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தேன். இனி எது சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்து, நின்றுகொண்டிருந்த எனக்கும் இடம் விட்டார்.