பூட்டியாச்சா?

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறவரைத் தெருவே 'இன்ஜினியர்' என்று கூப்பிட்டது. கிண்டலுக்குத்தான். மனிதர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். வாசலில் தன் பழைய ஜீப்பின் முன் அச்சைக் கழற்றிப் பரப்பிய அன்று அவர் முகத்தைப் பார்க்கணுமே! நாலு வீடியோ பார்த்திருக்கிறார், போதாதா?

விஷயம் இதுதான். சேறு வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே லிவரைத் தள்ளினால் போதும், நாலு சக்கரமும் இழுக்கும். ஆனால் நல்ல ரோட்டிலும் முன் அச்சு சும்மா சுற்றி டீசலைக் குடிக்கிறதாம். அதற்காக முன் சக்கரங்களின் நடுவில் கையால் திருகிப் பூட்டும் ஹப் மாட்டினார். இனி சேற்றுக்கு முன்னால் இறங்கிப்போய் இரண்டையும் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் சக்கரம் அச்சோடு சேராது, லிவரைத் தள்ளியும் பிரயோஜனமில்லை.

"முன்னாடி இறங்காமலே நடந்துச்சு. இப்ப இறங்கணும். இதுக்கா என் வாளி முழுக்க கிரீஸு?" என்றாள் மனைவி.

"இதுக்குப் பேருதான் முன்னேற்றம். உனக்குப் புரியாது."

அவளுக்கு வேறு கவலை. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. அலைந்து, அழுது, கிடைத்த கடைசி அழைப்பு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். லைசென்ஸ் இருந்ததால், "நானே ஓட்டிட்டுப் போறேனே" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஸ்டீயரிங் என்ன விளையாட்டுச் சாமானா? நான் எதுக்கு இருக்கேன்?"

அன்று காலை பார்த்து மழை கொட்டியது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவள், "ஏங்க, பூட்டியாச்சா?" என்றாள்.

"பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்று வீட்டுச் சாவியை ஆட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் மண் ஏற்றத்தில் பாதி தூரம் ராஜநடை. அப்புறம் பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரங்களோ எனக்கென்ன என்று நின்றன. லிவரைத் தள்ளினார், இழுத்தார், திட்டினார். டயர் சரியில்லை என்றார், ரோடு போட்டவனைச் சொன்னார், மழையைக்கூட விடவில்லை.

"பூட்டியாச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா, வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தேன்?"

"வீட்டையா? அட கடவுளே! ஒரு வாரமா ஹப்பு ஹப்புன்னு என் உயிரை எடுத்தது நீங்க. நான் கேட்டது அந்தப் பூட்டை!"

அசடு வழிய இறங்கினார். முழங்கால்வரை சேறு. இடது ஹப்பைத் திருகினார். வலது பக்கம் போகிறேன் என்று வழுக்கி, உட்கார்ந்தே விட்டார். எழுந்தால் மறுபடி வழுக்கியது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இறங்கி, சேலையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் குனிந்து, வலது ஹப்பைத் தானே திருகினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி லிவரைத் தள்ளினாள். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வ, ஜீப் உறுமிக்கொண்டு மேலே ஏறியது.

"ஏய், நில்லு! நான் ஏறணும்!"

"நிறுத்தினா மறுபடியும் மாட்டிக்கும்ங்க!"

வண்டி வளைவில் மறைந்தது. இன்ஜினியர் மழையில் நின்றார்.

மதியம் திரும்பி வந்தவள், அவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஒரே கேள்விதான். மழைக்காலத்துல டீச்சருங்க யாரும் மேல வர்றதில்ல, நீங்க மட்டும் எப்படி வருவீங்கன்னாங்க. ஜன்னல் வழியா வண்டியைக் காட்டினேன்."

"அப்ப வேலை?"

"நாளையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க."

சேறு காய்ந்த முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தியா! எல்லாம் என் ஹப்பு!"

"ஆமாங்க, அருமையான ஹப்பு. வண்டி தினமும் எனக்கு வேணும். உங்க ஆபீஸுக்கு எந்த பஸ் போகுதுன்னு விசாரிச்சு வச்சுக்கோங்க."